கழுகு விழுந்த பீடம்: கிரீட் தீவின் ஒரு போர் நினைவுச்சின்னம் குறித்து

1. பீடமும் கேள்வியும்

கிரேக்கத்தின் கிரீட் தீவில், கானியா நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு மேட்டின்மீது வெற்றுப் பீடம் ஒன்று நிற்கிறது. சுவரெங்கும் கிறுக்கல்கள்; பராமரிப்பு என்று எதுவும் இல்லை. அதன் உச்சியில் முன்பு ஒரு கழுகு இருந்தது. இரைமேல் பாய்வதுபோலத் தலைகீழாக இறங்கும் கழுகு. அதன் நகங்களில் ஸ்வஸ்திகா. ஜெர்மன் வான்குடைப் படையின் அடையாளம் அதுதான். 1941 மே மாதம் இத்தீவில் வானிலிருந்து இறங்கி மாண்டுபோன தம் தோழர்களுக்காக, தீவைப் பிடித்த கையோடு, அதே ஆண்டில் அப்படையினரே இந்தச் சின்னத்தை எழுப்பினார்கள்.

ஊர்மக்கள் இதற்கு வைத்த பெயர் 'யெர்மானிக்கோ பூலி', அதாவது ஜெர்மன் பறவை. சிலர் 'கெட்ட பறவை' என்றும் சொன்னார்கள். போர் முடிந்தது, ஆக்கிரமிப்பு ஒழிந்தது. பறவை மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புயலில் விழுந்தது. அதுவரை யாரும் அதை இடிக்கவில்லை. விழுந்த பின் யாரும் தூக்கி நிறுத்தவும் இல்லை.

படையெடுத்து வந்தவர்கள் படையெடுக்கப்பட்ட மண்ணில் நட்டுவைத்த கல், யாருடைய நினைவைச் சுமக்கிறது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். நடுகல் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் உள்ள முரண் உடனே விளங்கும். ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் உண்டு. ஆநிரை கவரப் போய் மாண்டவனுக்கும் உண்டு. ஆனால் கவரப் போனவனின் கல்லைப் பறிகொடுத்த ஊரின் தலைமாட்டில் நட்டுவைத்து, அவ்வூராரைத் தினமும் பார்க்கச் செய்வது வேறு வகைச் செயல்.

இத்தகைய சின்னங்களைப் பற்றி வழக்கமாக இரண்டு பேச்சுகள் உண்டு. மரணத்துக்குப் பகை இல்லை, இறந்த சிப்பாய் எந்தக் கொடியின்கீழ் இறந்தாலும் அஞ்சலிக்கு உரியவன் என்பது ஒன்று. இது நாஜிகளின் வெற்றிக்கம்பம், இடித்துத் தள்ள வேண்டியது என்பது மற்றொன்று. இரண்டுமே கல்லை நட்டவனின் நோக்கத்தை மட்டும் பார்க்கின்றன. கல்லோடு அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதை இரண்டும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டுமானால், முதலில் அந்த மே மாதத்துக்கும், பிறகு இதே வட்டாரத்தில் உள்ள வேறு நினைவிடங்களுக்கும் போய் வர வேண்டும்.

2. ஒலிவத் தோப்பில் இறங்கிய போர்

1941 ஏப்ரலில் கிரேக்கப் பெருநிலம் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அங்கிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளில் ஒரு பகுதி கிரீட்டில் ஒதுங்கியது. நியூசிலாந்தின் பெர்னார்ட் ஃப்ரைபெர்க் அவற்றுக்குத் தலைமை ஏற்றார். கிரேக்கப் படையினரையும் சேர்த்தால் நாற்பதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். ஆனால் கனரக ஆயுதங்களைப் பெருநிலத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். தீவின் சொந்தப் படைப்பிரிவான ஐந்தாம் கிரீட் டிவிஷன் அல்பேனியப் போர்முனைக்குப் போய்ப் பெருநிலத்திலேயே சிக்கிக்கொண்டது. 1938இல் கானியாவில் மெட்டக்ஸாஸ் சர்வாதிகாரத்துக்கு எதிராக ஒரு கிளர்ச்சி நடந்த பிறகு, ஊராரின் துப்பாக்கிகள் பெருமளவில் பறிக்கப்பட்டும் இருந்தன. ஆக, மே மாதத்தில் ஊர்களில் எஞ்சியிருந்தவர்கள் முதியவர்கள், பெண்கள், சிறுவர்கள். கையில் பழைய துப்பாக்கி, அரிவாள், கத்தி.

மே 20 காலை, ஜெனரல் குர்ட் ஸ்டூடென்ட்டின் வான்குடைப் படை யுங்கர்ஸ் 52 விமானங்களிலிருந்து மாலெமேயிலும் கானியாவை ஒட்டிய பகுதிகளிலும் குதித்தது; பிற்பகலில் ரெத்திம்னோவிலும் ஹெராக்ளியோனிலும். கடல் சூழ்ந்த ஒரு நிலத்தைப் பெரும்பாலும் வான்வழியாகவே கைப்பற்ற முயன்ற முதல் பெரும் படையெடுப்பு இது.

ஒரு தொழில்நுட்ப விவரத்தை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்; பின்னால் நடந்தவை பலவும் இதிலிருந்து கிளைத்தவை. ஜெர்மன் வான்குடையின் கயிறுகள் வீரனின் முதுகுப்புறத்தில் ஒரே இடத்தில் பிணைந்திருந்தன. இறங்கும்போது அவனால் திசையைத் திருப்ப முடியாது; காற்று கொண்டுபோன இடத்தில் விழ வேண்டும். பெரும்பாலோர் கைத்துப்பாக்கி, கையெறி குண்டு, கத்தி ஆகியவற்றோடுதான் குதித்தார்கள். துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் தனிப் பெட்டிகளில் தனி வான்குடையில் இறங்கின. பெட்டியைத் தேடி ஓடும் அந்தச் சில நிமிடங்களில் அவன் ஏறக்குறைய நிராயுதபாணி. கடற்கரையில் இறங்கும் படைக்கும் ஊருக்கும் நடுவே ஒரு மணல்வெளியாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. திராட்சைப் பந்தலில், ஒலிவத் தோப்பில், வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தார்கள். அப்போது அங்கே நின்றவர்கள் எல்லா இடத்திலும் சிப்பாய்களாக இல்லை. தோப்புக்குச் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

முதல் நாள் படையெடுப்பாளருக்குப் பேரழிவு. ஆனால் அன்றிரவு, மாலெமே விமானத்தளத்துக்கு மேலே உள்ள 107ஆம் குன்றிலிருந்து நியூசிலாந்தின் 22ஆம் பட்டாலியன் பின்வாங்கியது. தன் முன்னணிக் கம்பெனிகள் அழிந்துவிட்டன என்று அதன் தளபதி தவறாகக் கணித்திருந்தார். மறுநாள் ஜெர்மானியர் தளத்தைப் பிடித்தார்கள். குண்டுவீச்சுக்கு நடுவிலேயே விமானங்கள் தரையிறங்கி மலைப் படையினரைக் கொண்டுவந்து கொட்டின. ஜூன் 1ஆம் தேதிக்குள் நேச நாட்டுப் படையில் ஒரு பகுதி கப்பலேறியது, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள்.

ஜெர்மன் தரப்பில் மாண்டோரும் காணாமற்போனோரும் நாலாயிரம் பேர் அளவில் என்பது பரவலான மதிப்பீடு. அந்த இழப்பைக் கண்ட ஹிட்லர் இனி இப்படிப் பெரிய அளவில் வான்குடைப் படையை இறக்குவதில்லை என்று முடிவு கட்டினார். நேச நாடுகள் இதே போரிலிருந்து நேர்மாறான பாடம் எடுத்துக்கொண்டு வான்குடைப் படைகளைப் பெருக்கின என்பது போர் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இப்போரைப் பற்றிய எழுத்துகளில் கணிசமானவை ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: மாலெமே ஏன் கைவிட்டுப் போனது? கிரீட்டில் தானும் போரிட்டுக் காயமுற்ற டான் டேவின் 1953இல் எழுதிய நியூசிலாந்தின் அதிகாரபூர்வ வரலாறு அதை அங்குலம் அங்குலமாக ஆராய்கிறது. இடைமறித்துப் படிக்கப்பட்ட ஜெர்மன் ரகசியச் செய்திகளை ஃப்ரைபெர்க் சரியாகப் புரிந்துகொண்டாரா, கடல்வழித் தாக்குதலை அளவுக்கு மீறி எதிர்பார்த்தாரா என்ற விவாதம் பிறகு சேர்ந்தது. ஆண்டனி பீவர் 1991இல் வெளியிட்ட நூலில் போரையும் அதன் பிந்தைய எதிர்ப்பியக்கத்தையும் ஒரே கதையாகச் சேர்த்துப் பார்த்தார். இந்த மாற்றம் முக்கியமானது. மே 20இல் தொடங்கி ஜூன் 1இல் முடியும் கதையில் ஊரார் ஓரப் பாத்திரங்கள். கதையை ஜூன் 2க்கு நீட்டினால் அவர்கள் நடுவே வந்துவிடுகிறார்கள்.

3. யார் சிப்பாய், யார் ஊரான்?

போர் ஓய்வதற்கு முன்பே ஜெர்மன் முகாமில் ஒரு செய்தி பரவியிருந்தது: கிரீட் மக்கள் காயம்பட்ட வான்குடை வீரர்களைச் சித்திரவதை செய்து, உடல்களைச் சிதைத்தார்கள் என்று. ஜெர்மன் ராணுவமே நடத்திய விசாரணையில் இப்புகார்கள் பெருமளவு மிகை என்றே தெரிந்தது. சிதைவுகள் சில இருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை இறந்த பின் நேர்ந்தவை. ஆனால் விசாரணைக்காகத் தண்டனை காத்திருக்கவில்லை. மே 31ஆம் தேதி ஸ்டூடென்ட் பழிவாங்கும் ஆணையைப் பிறப்பித்தார். சுட்டுக்கொல்லல், ஊர்களை எரித்தல், சில பகுதிகளில் ஆண்களை அடியோடு ஒழித்தல் ஆகியவை அதில் இருந்தன. முறையான நீதிமன்ற நடைமுறை தேவையில்லை; இழப்பைச் சந்தித்த படைப்பிரிவுகளே தண்டனையை நிறைவேற்றலாம்.

அரிவாளோடு எதிர்த்த உழவன் கொலைகாரனா, போராளியா? இது உணர்ச்சிக் கேள்வி மட்டுமன்று, சட்டக் கேள்வியும்கூட. அன்று நடைமுறையில் இருந்த 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் இரண்டாம் பிரிவு இதற்கு விடை தருகிறது. இன்னும் ஆக்கிரமிக்கப்படாத நிலத்தில், பகைவன் நெருங்கி வரும்போது, அணிதிரள அவகாசமின்றித் தாமாக ஆயுதம் ஏந்தும் மக்கள், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்திப் போர் மரபுகளை மதித்தால், போரிடும் தரப்பினராகவே கருதப்பட வேண்டும். மே 20 அன்று கிரீட் ஆக்கிரமிக்கப்பட்ட நிலம் அன்று. பகைவன் நெருங்கி வரவில்லை, கூரைமேலேயே வந்து இறங்கினான். அவகாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உடல்களைச் சிதைத்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது என்று வாதிடலாம். அந்த வாதம் குறிப்பிட்ட நபர்கள்மீது குறிப்பிட்ட விசாரணையைக் கோருமே தவிர, ஒரு ஊரின் ஆண்களை வரிசையில் நிறுத்தச் சொல்லாது.

இந்த இடத்தில்தான் வான்வழித் தரையிறக்கம் என்ற போர்முறையும் நினைவுச்சின்னம் என்ற கேள்வியும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. தரையிறக்கம் என்பது விமானத்தில் இருப்பவனின் சொல். அந்தச் சொல்லோடு கதையைத் தொடங்கினால் வானிலிருந்து வந்தவன் துணிச்சல்காரன், தரையில் நின்றவன் குறுக்கே வந்தவன். ஸ்டூடென்ட்டின் ஆணையும் மேட்டின்மேல் வைத்த கழுகும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை.

4. கொண்டோமாரியும் காண்டனோஸும்

ஜூன் 2 அன்று மாலெமேக்கு அருகிலுள்ள கொண்டோமாரி கிராமத்தின் ஆண்கள் ஒலிவத் தோப்பு ஒன்றில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஜெர்மன் பதிவுகள் 23 பேர் என்கின்றன. வேறு சில கணக்குகள் அறுபது வரை போகின்றன. இக்கொலையைப் பற்றி நமக்கு இவ்வளவு நுணுக்கமாகத் தெரிவதற்குக் காரணம், படையோடு வந்த ஃப்ரான்ஸ் பீட்டர் வைக்ஸ்லர் எடுத்த ஒளிப்படங்கள். ஊரார் கூட்டப்படுவதிலிருந்து துப்பாக்கிகள் நீளும் கணம்வரை வரிசையாக எடுத்திருந்தார். பின்னர் நாஜி ஆட்சியிலேயே அவர் கைதானார். போருக்குப் பின் இக்கொலையைப் பற்றி வாக்குமூலம் அளித்தார். படச்சுருள்கள் ஜெர்மன் ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 1980இல்தான் ஒரு கிரேக்கப் பத்திரிகையாளரின் கண்ணில் பட்டன. அன்று கொலைக்குப் போனவர்கள் தம்மைக் குற்றவாளிகளாக எண்ணியிருந்தால் படமெடுக்க ஆள் நின்றிருக்க முடியாது. அந்தப் படங்களின் பயங்கரம் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மறுநாள், ஜூன் 3, காண்டனோஸ். தென்கரை நோக்கிச் சென்ற ஜெர்மன் பிரிவை மறித்துப் போரிட்ட வட்டாரம் அது. ஏறத்தாழ 180 பேர் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன, கால்நடைகளையும் விடவில்லை. பிறகு ஜெர்மன் மொழியிலும் கிரேக்க மொழியிலும் பலகைகள் வைத்தார்கள். இங்கே காண்டனோஸ் இருந்தது, 25 ஜெர்மன் வீரர்களைக் கொன்றதற்குத் தண்டனையாக அது அழிக்கப்பட்டது, இனி ஒருபோதும் கட்டப்படாது என்பது அவற்றின் சாரம்.

மேட்டின்மேல் நின்ற பறவைக்கும் இந்தப் பலகைகளுக்கும் உள்ள உறவைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் வைத்தது ஒரே படையெடுப்பு, ஒரே ஆண்டில். ஒன்று தம் இறந்தோரை உயர்த்துகிறது. மற்றது அதே இறந்தோரின் பெயரால் ஒரு ஊரை அழித்ததாக அறிவிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒவ்வொன்றும் முழுமையாகப் புரியும். துக்கம், பழி என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுவதை அன்று அவர்கள் பிரிக்கவில்லை.

காண்டனோஸ் மக்கள் திரும்பி வந்து ஊரைக் கட்டினார்கள். பலகையின் வாசகத்தையும் விடவில்லை. தங்கள் நினைவிடத்திலேயே அதை வைத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையாக எழுதப்பட்ட வாசகம் இப்போது குற்ற ஒப்புதலாக நிற்கிறது. ஒரு எழுத்தும் மாறவில்லை. இனி ஒருபோதும் கட்டப்படாது என்ற வரியைச் சுற்றி வீடுகளும் கடைகளும் இருப்பதே போதுமான பதிலுரை. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பரிகாரச் சேவை இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் இவ்வூருக்கு வந்து குடிநீர்த் திட்டம் ஒன்றைக் கட்டித் தந்தார்கள். 2024 அக்டோபரில் ஜெர்மன் அதிபர் ஷ்டைன்மையர் காண்டனோஸுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுக் கேள்வி சட்டப்படி முடிந்துபோனது என்ற ஜெர்மன் அரசின் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

5. 107ஆம் குன்றின் காவலர்

மாலெமேயில் விமானத்தளத்தைப் பார்த்தபடி நிற்கும் அதே 107ஆம் குன்றில் இன்று ஜெர்மன் போர்க்கல்லறை இருக்கிறது. 1960 வாக்கில் தீவெங்குமிருந்து தோண்டியெடுக்கப்பட்ட எச்சங்கள் கொலிம்வாரியை ஒட்டிய கோனியா மடத்தில் பல ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. துறவிகள் அவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். 1974இல் கல்லறை திறக்கப்பட்டது. 4,465 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். இந்த எண்ணை வான்வழிப் படையெடுப்பில் மாண்டோர் கணக்காகப் பயணக் குறிப்புகளில் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் தீவில் இறந்தோரும் அதில் சேர்ந்தவர்களே.

இங்கே கழுகு இல்லை. தரையோடு தரையாகப் பதித்த சிறு கற்கள். ஒரு கல்லில் இரண்டு பெயர்கள். ப்ளூஷர் குடும்பத்தின் மூன்று சகோதரர்கள் கிரீட் போரில் மாண்டார்கள்; இருவர் இங்கே இருக்கிறார்கள், ஒருவரின் உடல் கிடைக்கவே இல்லை. அந்தக் கல்லின்முன் நிற்பவர்கள் எந்த நாட்டவரானாலும் பேச்சடங்கிப் போவார்கள். மேட்டின்மேல் இருந்த பறவை கோரி நின்றது வேறு வகை மரியாதை. தனித்தனி ஆட்களின் சாவை அங்கே படையின் பெருமை விழுங்கிவிட்டிருந்தது.

கல்லறை திறந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அதைப் பராமரித்தவர் யோர்கோஸ் ப்ஸிகுண்டாகிஸ். அசிகோனியா ஊரின் ஏழை ஆட்டிடையர். ஆக்கிரமிப்பின்போது மலைகளில் ஓடி எதிர்ப்பியக்கத்துக்குச் செய்தி கொண்டுபோனவர். அவர் எழுதிய போர்க்கால நினைவுகள் 1955இல் பேட்ரிக் லீ ஃபெர்மரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்து பெயர்பெற்றன. விடுதலைக்குப் பின் அவருக்குக் கிடைத்த பரிசு, படையிலிருந்து ஓடிப்போனவர் என்ற தவறான குற்றச்சாட்டில் சிறை. ஹோமரின் இரு காவியங்களையும் கிரீட் வட்டார வழக்கில் பெயர்த்தவரும் இவரே. அவரோடு அங்கே வேலை பார்த்தவர் மனோலிஸ் பாட்டெராகிஸ். 1944இல் ஜெர்மன் ஜெனரல் கிரைப்பேயைக் கடத்திய குழுவில் இருந்தவர்.

அவர்கள் பார்த்துக்கொண்ட கல்லறைகளுள் புரூனோ ப்ரோயருடையதும் ஒன்று. படையெடுப்பில் ஹெராக்ளியோனில் குதித்த பிரிவின் தலைவர்; பின்னர் தீவின் ராணுவத் தளபதி. கிரேக்க நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது; 1947 மே 20 அன்று, படையெடுப்பின் ஆறாம் ஆண்டு நாளில், சுட்டுக்கொல்லப்பட்டார். ஆணை பிறப்பித்த ஸ்டூடென்ட்டின் கதை வேறு. பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் போர்க்கைதிகளை நடத்திய விதம் குறித்து மட்டுமே அவரை விசாரித்தது. ஐந்தாண்டுத் தண்டனையும் உறுதிப்படுத்தப்படவில்லை. கிரேக்கம் அவரை ஒப்படைக்கக் கேட்டது, கிடைக்கவில்லை. 1978வரை வாழ்ந்தார். கொண்டோமாரிக்கும் காண்டனோஸுக்கும் அவர் எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்லவில்லை.

பகைவனின் கல்லறையைப் பார்த்துக்கொண்ட இடையரின் கதையை நல்லிணக்கக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது பயண எழுத்தாளர்களின் வழக்கம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அது ஒரு சம்பள வேலையும்கூட. வறுமை அதன் பாதிக் காரணமாக இருந்திருக்கலாம். அதோடு, இறந்தவனுக்கு ஆறடி மண்ணைத் தர மறுக்காதவர்கள் அவன் படைக்குக் கோபுரம் கட்டவும் சம்மதிப்பார்கள் என்று பொருளில்லை. கல்லறைக்குக் காவலர் கிடைத்தார், பறவைக்குக் கிடைக்கவில்லை. கிரீட் மக்கள் இந்த வேறுபாட்டை எந்தத் தீர்மானமும் போடாமல் நடைமுறையில் காட்டியிருக்கிறார்கள்.

6. பறவையை என்ன செய்வது?

இப்போது பீடத்துக்குத் திரும்பலாம். புறக்கணிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது செயலின்மையை. இங்கே அது அப்படித் தோன்றவில்லை. ஊரார் அதற்குப் பெயர் வைத்தார்கள். கட்டியவர்கள் வைத்த பெயரை ஏற்கவில்லை. வீரப் படையின் கழுகை வெறும் பறவையாக்கியதே முதல் இடிப்பு. இரண்டாவது இடிப்பைக் காற்றும் மழையும் பார்த்துக்கொண்டன. சிலைகளைக் கூட்டம் கூடிக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தும் காட்சிகளுக்குப் பழகிய நமக்கு இந்த நிதானம் சற்று விளங்காமல் போகலாம்.

பீடத்தைச் செப்பனிட்டுக் கழுகை மீண்டும் ஏற்றினால் அது 1941ஐத் திரும்ப நட்டுவைப்பதாகும். அதற்கு எந்த வரலாற்று நியாயமும் இல்லை. மண்ணோடு மண்ணாக இடித்துவிட்டால், படையெடுத்தவர்கள் தம்மை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு இம்மண்ணில் மிஞ்சியிருக்கும் ஒரு சான்று போய்விடும். காண்டனோஸ் மக்கள் பலகை வாசகத்தை அழித்திருந்தால் எதை இழந்திருப்போமோ அதையே இழப்போம். பீடம் இருக்கிறபடியே இருக்கட்டும், கிறுக்கல்களோடு. ஆனால் விவரமறியாத ஒரு பயணி அதைப் பழைய கோட்டையின் மிச்சமென்று நினைத்துப் படமெடுத்துப் போகும் நிலை சரியன்று. அருகில் ஒரு பலகை வேண்டும். அதில் மே 20 மட்டும் இருந்தால் போதாது. மே 31, ஜூன் 2, ஜூன் 3 ஆகிய தேதிகளும் இருக்க வேண்டும், கொண்டோமாரி, காண்டனோஸ் என்ற ஊர்ப்பெயர்களும். காண்டனோஸில் பலகை வைத்தவர்கள் ஜெர்மன், கிரேக்கம் என இரு மொழிகளில் வைத்தார்கள். இதையும் அவ்விரு மொழிகளிலேயே எழுதட்டும்.